ஆறு எது, சேறு எது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணியடிப்பவர் இப்போதே என்னைப் பார்க்கிறார், அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

வேறு நாட்டில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பண்பாடுகளுக்கு நடுவே வளர்வது வரமே என்கிறது எங்கள் அணி. எதிரணித் தோழி என்ன சொன்னார்? ‘இந்தப் பிள்ளைகள் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.’ நீங்களும் கைதட்டினீர்கள். சரி, அம்மா, இதில் ஆறு எது, சேறு எது? பெற்றவர்கள் பிறந்த நாடு சேறு என்றால் வீட்டில் மாமியார் கேட்பார். குடியேறிய நாடு சேறு என்றால் விசா கொடுத்தவன் கேட்பான். சொல்லுங்கள், காத்திருக்கிறேன்... பாருங்கள், தண்ணீர் குடிக்கிறார்!

ஜான் பெர்ரி என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 13 நாடுகளில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். இரண்டு பண்பாட்டையும் விடாமல் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே நன்றாக இருந்தார்களாம். புள்ளிவிவரம் போதும், முன்வரிசையில் கொட்டாவி.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பத்து வயது. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. அம்மாவுக்கு அந்த ஊர் மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் யார்? குற்றவாளியேதான்! ஆசிரியை பேசுகிறார், பேசுகிறார், கையை ஆட்டிப் பேசுகிறார். பையன் திரும்பி, “நல்லா படிக்கிறேனாம்மா” என்றான். “இவ்வளவு நேரம் பேசினதுக்கு இவ்வளவுதானாடா?” “அதையேதாம்மா திரும்பத் திரும்பச் சொல்றாங்க.” அம்மா பூரித்துப்போய் ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா என்ன சொல்கிறார் என்று அவனையே கேட்டார். “கண்டிக்கிறேன்னு சொல்றாங்க டீச்சர்!”

சிரித்துவிட்டீர்களா? ஆசிரியை சொன்னது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. ‘இடைவேளையில் தனியாகவே உட்கார்ந்திருக்கிறான். யாரும் அவனை ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. வீட்டில் கொஞ்சம் பேசிப்பாருங்கள்.’

அம்மா தாங்கமாட்டார் என்று அதை அவன் விழுங்கிவிட்டான். பத்து வயதில்! அவன் இந்த ஊரா, அந்த ஊரா என்று நாம் மைக் பிடித்து அளந்துகொண்டிருக்கிறோம்.

இது எங்கள் அணிக்கு உதவுகிற கதையா என்று தலைவர் முறைக்கிறார். முறைக்கட்டும். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளைக்கு எங்கேயும் இடமில்லை என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லலாம். ஆனால் அதையும் அவன் அம்மாவுக்கு அவன்தான் சொல்லவேண்டும். “நாமதான் ஜெயிச்சோமாம்மா” என்றுதான் சொல்லுவான்.