வழக்குமன்றம் ஏற முடியாத வியாபாரம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்க நகரங்களின் துப்பாக்கிக் கொலைகளுக்குப் பெரிதும் காரணம் துப்பாக்கிப் புழக்கமா, போதைப்பொருள் தடைக் கொள்கையா என்பது தலைப்பு. தடைக் கொள்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

துப்பாக்கி இல்லையென்றால் துப்பாக்கிச் சாவும் இல்லை என்றார் எதிரணி நண்பர். மறுக்கவில்லை. ஆனால் மொன்டானா, வயோமிங் மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. அதனால் தற்கொலைகள் அங்கே மிகுதி என்பது பெருந்துயரம், எனினும் கொலை விகிதம் பால்டிமோர் நகருக்குக் கிட்டவும் வராது. அப்படியானால் பால்டிமோரின் தெருமுனையில் அந்தக் குழலை மனிதனின் நெஞ்சுக்கு நேரே திருப்பியது எது?

மதுக்கடைக்காரரை ஒருவர் ஏமாற்றினால் அவர் வழக்குத் தொடுக்கலாம்; கொள்ளை போனால் போலீஸில் புகார் கொடுக்கலாம். கொக்கெய்ன் விற்பவனுக்கு இரண்டு கதவுகளும் அடைப்பு. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது சாராயத்துக்கும் இதே கதிதான்: 1929 பிப்ரவரி 14 அன்று சாராயக் கும்பல்களின் மோதலில் சிகாகோவின் ஒரு கார் கொட்டகையில் ஏழு பேரைச் சுவரைப் பார்க்க நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மது இன்றும் குடும்பங்களைக் கெடுக்கிறது. ஆனால் பீர் விநியோகஸ்தர்கள் எல்லைத் தகராறில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதில்லை.

போதை தலைக்கேறியவன்தான் கொல்கிறான் என்றும் இங்கே சொல்லப்பட்டது. 1988இல் நியூயார்க்கில் நடந்த கொலைகளில் 414ஐப் பால் கோல்ட்ஸ்டீனின் ஆய்வுக்குழு ஒவ்வொன்றாக அலசியது. பாதிக்குச் சற்று மேற்பட்டவை போதைப்பொருளோடு தொடர்புடையவை. அவற்றிலும் ஏறத்தாழ முக்கால் பங்கு, விற்கும் இடத்துக்காகவும் பாக்கிப் பணத்துக்காகவும் சரக்கு மோசடிக்காகவும் நடந்த வியாபாரக் கொலைகள்.

நடுவர் அவர்களே, சட்டம் செய்த கொடுமையை இங்கேதான் கூர்ந்து பார்க்க வேண்டும். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2010 வரை, விற்பதற்காக ஐந்து கிராம் கிராக், அதாவது புகைக்கும் கட்டிக் கொக்கெய்ன், வைத்திருந்தாலே குறைந்தது ஐந்தாண்டுச் சிறை; தூள் கொக்கெய்னுக்கோ அதே தண்டனை பெற 500 கிராம் வேண்டியிருந்தது. பெரியவர்களுக்குச் சிறை நீண்டபோது, சிறார் நீதிமன்றத்தில் குறைந்த தண்டனையோடு தப்பக்கூடிய பதினைந்து வயதுப் பையனைக் கும்பல்கள் தெருமுனையில் நிறுத்தின. அவன் ஒரு பையில் சின்னஞ்சிறு கிராக் குப்பிகளும் மறுபையில் கசங்கிய டாலர் நோட்டுகளுமாக நிற்கிறான். பறிகொடுத்தால் யாரிடம் முறையிடுவான்? இடுப்பில் துப்பாக்கி செருகிக்கொண்டான். அவனுக்கு அஞ்சி, சரக்கையே தொடாத அவன் வகுப்புத் தோழனும் ஒன்றை வாங்கினான். இந்தச் சங்கிலியை விளக்கியவர் குற்றவியல் ஆய்வாளர் ஆல்ஃபிரட் புளூம்ஸ்டீன். 1985க்கும் 1992க்கும் இடையே சிறார்கள் துப்பாக்கியால் செய்த கொலைகள் இரு மடங்குக்கு மேல் பெருகின, வேறு ஆயுதங்களால் செய்தவை அப்படிப் பெருகவில்லை என்று அவர் காட்டினார். நண்பர் சொல்லும் துப்பாக்கிப் புழக்கத்தையே பள்ளிப் பிள்ளைகள் வரை கொண்டுபோனது இந்தக் கொள்கைதான்.

கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களிலும் 2020இல் கொலைகள் கூடினவே என்று கேட்டார்கள். அவ்வாண்டு நாடு முழுவதும், அனுமதித்த இடத்திலும் அனுமதிக்காத இடத்திலும், ஏறத்தாழ 30 சதவீதம் கூடின. பெருந்தொற்றுக் காலத்தின் அந்த உயர்வுக்குக் கஞ்சாச் சட்டத்தைக் குற்றஞ்சொல்ல முடியாது. கொக்கெய்ன், ஹெராயின், ஃபென்டனில் வியாபாரம் அன்றும் முழுக்கக் கும்பல்களின் கையில்தான் இருந்தது. இவற்றைக் கடைவிரித்து விற்கச் சொல்லவில்லை நான். அடிமைப்பட்டவரை மருத்துவரிடம் ஒப்படைத்து, கும்பலின் வாடிக்கையாளரைக் குறைக்கச் சொல்கிறேன்.

1988இல் இதைத்தான் பால்டிமோர் மேயர் கர்ட் ஷ்மோக் சொன்னார். மேயராவதற்கு முன் அந்நகரின் அரசு வழக்கறிஞராக இருந்து குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்பிய அவர், போதைப்பொருளைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கையாள வேண்டும் என்று நாட்டையே விவாதத்துக்கு அழைத்தபோது, கட்சி வேறுபாடின்றிக் கண்டித்தார்கள். 2015இல் அந்த ஒரு நகரில் 344 பேர் கொலையுண்டார்கள்.