சுரைக்காயும் நோத்ர தாமும்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணித் தோழர்களே, எதிரே இருக்கும் பெருமக்களே, வணக்கம். மணி நடுவர் கையில் இருக்கிறது, அதனால் வணக்கம் இவ்வளவுதான்.

வீடியோ கேமுக்குள் எழுப்பிய பழைய நகரங்களைச் சுற்றி வருவது ஊர் பார்த்த கணக்கில் சேருமா, சேராதா? சேரும் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "ஏட்டுச் சுரைக்காயாவது எழுதிப் பார்க்க உதவும், இவர்கள் காட்டுவது திரைச் சுரைக்காய், கரண்டு போனால் அதுவும் இல்லை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார். அவரை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

சுரைக்காய்க்கு வருகிறேன் அண்ணே, ஓடிவிட மாட்டேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பா.

அப்பா வரலாற்று வாத்தியார். 36 வருஷம் பிரெஞ்சுப் புரட்சி நடத்தியவர். 1789 ஜூலை 14-ல் பாஸ்டீல் சிறை விழுந்ததை அவர் சொன்னால், முந்தாநாள் பக்கத்துத் தெருவில் நடந்த அடிதடி மாதிரி இருக்கும். ஆனால் பாரிஸைப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை. ஓய்வு பெற்றதும் போகலாம் என்றிருந்தார். ஓய்வும் முழங்கால் வலியும் ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தன.

ஒருநாள் என் மகன் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி ஆடிக்கொண்டிருந்தான். 2014-ல் வந்த கேம். புரட்சிக் காலத்துப் பாரிஸ்தான் களம், அந்த ஊரின் பழைய பெரிய தேவாலயம் நோத்ர தாமும் அதில் உண்டு. பேப்பரோடு வந்து உட்கார்ந்த அப்பா தலையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"டேய் தம்பி, நில்லு. அது நோத்ர தாம்தானே?"

"ஆமா தாத்தா. இருங்க, பின்னாடி ஒரு காவலாளி துரத்துறான்."

"துரத்தட்டும்டா. நீ மேல பாரு."

மேலே பார்த்தான். முதுகில் ஒரு குத்து. ஆட்டம் அவுட். மறுபடி முதலிலிருந்து. "அந்த வட்ட ஜன்னலைக் காட்டு." காட்டினான். குத்து. "வாசல்ல என்ன சிற்பம்னு பார்ப்போம்." பார்த்தார்கள். குத்து. ஒன்பது தடவை ஐயா! புரட்சியில் செத்தவர்கள் உண்டு, புரட்சிக்காகச் செத்தவர்கள் உண்டு. புரட்சிப் பாடம் நடத்திய வாத்தியாரால் ஒன்பது தடவை செத்த ஒரே ஆள் அந்த கேமின் கதாநாயகன் ஆர்னோதான்.

பத்தாவது தடவை பேரன் கெஞ்சினான். "தாத்தா, முதல்ல இவனை முடிச்சிடறேன். அப்புறம் சாவகாசமாப் பாருங்க." அப்பா பிரம்பைக் கையில் தொடாத வாத்தியார். எறும்புக்கு வழிவிட்டு நடப்பவர். ஒரு நிமிஷம் யோசித்தார். ஜன்னலைப் பார்த்தார், காவலாளியைப் பார்த்தார். "சரி, சத்தம் வராம முடி" என்றார். ஊர் பார்க்கும் ஆசை ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்!

கதை இன்னும் முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இதைச் சொல்வார். அவர் சொல்லும்போது ஒன்பது பதினேழாகும். ஒரு காவலாளி ஒரு பட்டாளமாவான். பேரன் கதையிலிருந்தே காணாமல் போய்விடுவான். "நோத்ர தாம் வாசல்ல நான் நின்னுக்கிட்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருத்தன்..." என்று ஆரம்பிப்பார். கவனியுங்கள், 'நான்' நின்றேன்! 'திரையில் நின்றது' என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஆல்பத்தில் படம் பார்த்தவன் 'நான் நின்றேன்' என்பானா? எதிரணி இதற்குப் பதில் சொல்லட்டும், நான் மேடையை விட்டு இறங்குகிறேன். (இறங்க மாட்டேன் ஐயா, மணியை வையுங்கள்.)

எதிரணியில் இன்னொருவர், பழைய ஊரின் நாற்றம்கூட கேமில் இல்லையே என்று வருத்தப்பட்டார். 18-ம் நூற்றாண்டுப் பாரிஸின் நாற்றம் இன்றைக்கு விமானம் ஏறிப் போனாலும் கிடைக்காது அம்மா. கிடைத்தால் முதல் ஆளாகத் திரும்பி வருவது நீங்கள்தான்.

இப்போது சுரைக்காய். அண்ணனுக்கு ஏடும் வேண்டாம், திரையும் வேண்டாம், நேரே கொல்லைக்குப் போய்ப் பறிக்க வேண்டும். போகட்டும். எகிப்தில் அலெக்சாந்திரியா என்கிற கொல்லைக்குப் போகிறார். அங்கே ஃபாரோஸ் கலங்கரை விளக்கம் என்று ஒரு சுரைக்காய். 100 மீட்டருக்கு மேல் உயரம், பழைய உலகத்தின் ஏழு அதிசயங்களில் ஒன்று. அண்ணன் கையில் கத்தியோடு நிற்கிறார். காய் எங்கே? அடுத்தடுத்து வந்த நிலநடுக்கங்களில் விழுந்துவிட்டது அண்ணே! 15-ம் நூற்றாண்டில் சுல்தான் காய்ட்பே அதே இடத்தில் கோட்டை கட்டிவிட்டார். நீங்கள் கோட்டையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதே அசாசின்ஸ் க்ரீட் வரிசையில் 2017-ல் வந்த ஆரிஜின்ஸ் கேமில் கலங்கரை நிற்கிறது, நாங்கள் அதன்மேல் ஏறி நின்று உங்களுக்குக் கையசைக்கிறோம்.

சரி, பாக்தாத் கொல்லைக்குப் போவோம். கி.பி. 762-ல் கலீஃபா அல் மன்சூர் வட்டமாக ஒரு நகரம் எழுப்பத் தொடங்கினார். நான்கு வாசல், நடுவில் அரண்மனை. கத்தியை எடுத்துக்கொண்டு அண்ணன் அங்கேயும் வருகிறார். அங்கே காய் இல்லை, கொடி இல்லை, பந்தல் நட்ட குழிகூட இல்லை! அதே வரிசையில் 2023-ல் வந்த மிராஜ் கேமில் அந்த வட்ட நகரம் இருக்கிறது. ஊர் போன பிறகு மிஞ்சுவது ஏடுதான் அண்ணே. ஏட்டை இளக்காரம் பண்ணலாமா? ஏடு மட்டும் இல்லையென்றால் சங்கப் பாட்டில் ஒரு வரி நமக்கு மிஞ்சியிருக்குமா? நீங்கள் சற்றுமுன் பாடிக் கைதட்டல் வாங்கினீர்களே, அந்தப் பாட்டு எந்தக் கொல்லையில் காய்த்தது?

(மூன்றாவது வரிசை ஐயா, தட்டலாம். தப்பில்லை.)

இந்த ஒரு சுரைக்காயே என் நேரத்தில் பாதியைத் தின்றுவிட்டது. கேமில் தப்பும் தவறுமாக இருக்கிறது என்றார்களே, அதற்கும் எங்கள் அப்பாதான் பதில். ஆரிஜின்ஸ் ஊரையே சண்டை இல்லாமல் சுற்றிப் பார்க்க மட்டும் 2018-ல் டிஸ்கவரி டூர் என்று ஒன்று விட்டார்கள். பழைய எகிப்தில் 75 சுற்றுலா. அதில் சில சிலைகளின் மானத்தைச் சிப்பி வைத்து மறைத்திருந்தார்கள். அப்பா ஒரு நோட்டுப் போட்டுச் சிவப்பு மையில் எழுதினார்: 'சிப்பி, தவறு.' அதே நோட்டில் அதற்கு முந்தின பக்கம் பாரிஸ்: 'நோத்ர தாம் கூரையில் கூம்பு, தவறு.' ஏனென்றால் இடைக்காலத்துக் கூம்பு ஆட்டம் கண்டுபோய் 18-ம் நூற்றாண்டின் கடைசியில் அதைப் பிரித்து இறக்கினார்கள். படங்களில் நாம் பார்த்துப் பழகிய கூம்பு வியோலே லெ தூக் என்ற கட்டடக் கலைஞருடையது. அது எழும்பி முடிந்தது 1859-ல். புரட்சிக் காலத்துக் கூரையில் அது எப்படி வந்தது? பார்க்காத ஊரில் இவ்வளவு குற்றம் கண்டுபிடிக்க முடியுமா ஐயா? போய்வந்த ஊரைத்தானே குறை சொல்வோம்!

2019 ஏப்ரல் 15. நோத்ர தாம் எரிந்தது. கூரை எரிந்தது. அந்தக் கூம்பு நடுவில் ஒடிந்து, சாய்ந்து, உள்ளே விழுந்தது. டிவியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்பா சேனலை மாற்றவும் விடவில்லை, சாப்பிட வரவும் இல்லை. அந்த வாரம் கேமை உருவாக்கிய யூபிசாஃப்ட் நிறுவனம் யூனிட்டியை இலவசமாகத் தந்தது, சீரமைப்புக்கு 5 லட்சம் யூரோவும் கொடுத்தது. எங்கள் வீட்டில்தான் கேம் ஏற்கெனவே இருக்கிறதே. மறுநாள் காலையில் பேரன் எழுந்திருக்கும் முன்பே அப்பா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அந்த ரிமோட்டை எடுத்துட்டு வா. மேல ஏறு."

ஏறினான். கூரை இருந்தது. கூம்பும் இருந்தது. சுற்றி வரச் சொன்னார். இன்னொரு சுற்று. பிறகு நோட்டை எடுத்து, 'கூம்பு, தவறு' என்று எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையிலேயே ஒரு சரி போட்டார். 36 வருஷம் விடைத்தாள் திருத்திய கை ஐயா அது. தப்பான விடைக்குச் சரி போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

2024 டிசம்பரில் ஆலயத்தை மறுபடி திறந்தார்கள். கூம்பும் பழையபடி எழும்பிவிட்டது. அதற்குள் அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது.

இப்போதும் சாயங்காலம் பேரன் பக்கத்தில் வந்து உட்காருவான். "எங்க போகலாம் தாத்தா?"

"பாலத்துல ஏறு. தீவு வந்ததும் ஆறு வலது கைப்பக்கமா இருக்கட்டும். நேராக் கிழக்கே போ. அவசரப்படாதே... இப்ப இரட்டைக் கோபுரம் வந்திருக்கணுமே?"

"வந்திடுச்சு தாத்தா."

"காவலாளி நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"நிக்கட்டும். நீ மேல பாரு. கூம்பு இருக்கா?"

"இருக்கு தாத்தா."

அப்பாவும் தலையைத் தூக்கி மேலே பார்ப்பார். அங்கே எங்கள் வீட்டு மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அண்ணே, அவரிடம் போய் நீங்களே சொல்லுங்கள், நீ ஊர் பார்க்கவில்லை என்று. எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்துவிட்டது ஐயா, வணக்கம்.