ரோமாபுரித் தண்ணியும் நம்ம பஸ் ஸ்டாண்டும்

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவுல வந்து முன்வரிசையில உக்காந்திருக்கிற நகராட்சித் தலைவர் அம்மா அவர்களே, போன வருஷம் மைக் செட் மக்கர் பண்ணி நின்னுபோன கூட்டத்தை இந்த வருஷம் விடாம நடத்திக் காட்டுற செயலாளர் தம்பி அவர்களே, ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஐயா அவர்களே (ஐயாகிட்ட அடி வாங்கின கை இது, அவரை விட்டுட்டுப் பேசினா வீட்டுக்குப் போக முடியாது), பின்னாடி நின்னுட்டிருக்கிற தம்பிங்களே, முன்னாடி சேர் காலியா இருக்கு, வாங்க. சால்வைக்கு நன்றி. இந்த வெயில்ல சால்வை எதுக்குன்னு கேக்க மாட்டேன்.

பொண்ணு இத்தாலியில படிக்குது, அதைப் பாக்கப் போன சாக்குல குடும்பத்தோட ரோம் சுத்திட்டு வந்தோம். அதைப் பத்தி மூணு விஷயம் பேசறேன்: ஒண்ணு கட்டடம், ரெண்டு சாப்பாடு, மூணு தண்ணி.

கட்டடம்னா முதல்ல பாந்தியன், பழைய ரோமானியக் கோயில். 43 மீட்டர் அகலத்துக்கு ஒரே கான்கிரீட் குவிமாடம், உள்ள கம்பி கிடையாது, கிட்டத்தட்ட 1900 வருஷமா நிக்குது. உச்சியில வட்டமா பெரிய ஓட்டை, மூடி கிடையாது, மழை பெஞ்சா நேரா உள்ளயே பெய்யும். எல்லாரும் அண்ணாந்து பாத்துட்டு நிக்கிறாங்க, எங்கம்மா மட்டும் குனிஞ்சு தரையைப் பாக்குது. "ஏண்டா, உள்ள விழுற தண்ணி எங்க போகும்?" பாத்தா, பளிங்குத் தரையில சின்னச் சின்னதா வடிகால் ஓட்டை, தண்ணி அதுக்கு ஓடி வர்ற மாதிரி தரையையே லேசா மேடு கட்டியிருக்கான். எழுபதைத் தாண்டின பொம்பளை, கொடத்தோட லாரி பின்னாடி ஓடின தலைமுறை, கண்ணு அங்கதான் போகும். "தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதே"ன்னு அது அடிக்கடி சொல்லும், இன்னைக்கு நானும் சொல்லிட்டேதான் இருப்பேன், பொறுத்துக்கங்க.

இப்ப கொலோசியத்துக்கு வருவோம். ஜூன் மாச வெயில், மண்டை பொளக்குது. கி.பி. 80ல திறந்த ஸ்டேடியம், கைடு என்னென்னமோ சொல்றாரு, எங்கம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. வாசல்ல ஒருத்தர் தண்ணி பாட்டில் விக்கிறாரு, சின்ன பாட்டில் 2 யூரோ. நம்ம காசுக்கு 200 ரூபா பக்கம்னு பையன் வாய விட்டுட்டான், அவ்ளோதான், அம்மா பாட்டிலைத் திருப்பிக் குடுத்துடுச்சு. "தண்ணியப் பழிக்காதேன்னா திட்டாதேன்னு மட்டுமா அர்த்தம்? விக்கிறதும் பழிக்கிறதுதாண்டா." விக்கிறவருக்குத் தமிழ் தெரியல, ஆனா மொகத்தைப் பாத்தே நகந்துட்டாரு.

ரோட்டோரம் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தூண், வளைஞ்ச மூக்கு மாதிரி ஒரு குழாய், தண்ணி சும்மா ஊத்திட்டே இருக்கு. நசோனின்னு சொல்றாங்க. அம்மா கையேந்திக் குடிக்கப் போச்சு, அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ஓடி வந்து, அப்படியில்லன்னு சைகை காட்டி, குழாய் வாயை விரலால அடைச்சாரு. மூக்கு மேல ஒரு சின்ன ஓட்டை, அதுல தண்ணி வில்லு மாதிரி எகிறுது, வாயை வச்சுக் குடிக்கலாம்! அம்மா "நகரு நகரு"ன்னு தானே அடைச்சுச்சு. மாவாட்டின கையில்ல, அழுத்தம் ஜாஸ்தி. தண்ணி எகிறிப் போய், அந்தப் பக்கம் குனிஞ்சு ஷூ கயிறு கட்டிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் மொட்டைத் தலையில சளார்னு! என் சம்சாரம் "ஐயோ அத்தை"ன்னு கண்ண மூடிட்டா. அவரு நிமுந்தாரு, எங்கம்மாவைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு, அப்புறம் திரும்பக் குனிஞ்சு தலையை நீட்டி, இன்னொரு தடவைன்னு விரல் காட்டுறாரு! அம்மா பாரபட்சம் பாக்கல, அவரு பொண்டாட்டிக்கும் சேத்து அடிச்சுவிட்டுச்சு. அப்புறம் பையில இருந்த காலி பாட்டில் எல்லாத்தையும் ரொப்பிக்கிட்டுத்தான் நகந்துச்சு.

இது ஒரு குழாய் இல்லீங்க, நகரம் முழுக்க சுமார் 2500 இருக்கு. 1874ல ஆரம்பிச்சு வச்சது. அதுக்கும் முன்னாடி கி.மு. 312லயே முதல் கால்வாய் கட்டிட்டான். கி.மு. 19ல அக்ரிப்பாங்கிற ரோமானியத் தளபதி கொண்டுவந்த கால்வாயோட வழிவந்த தண்ணிதான் இன்னைக்கும் திரேவி நீரூற்றுல கொட்டுது, நாம காசு போடறோமே அதுல. நடுவுல கி.பி. 537ல கோத்ங்கிற ஜெர்மானிய இனத்தோட படை வந்து கால்வாய்களை வெட்டிவிட்டப்ப ஊரே சுருங்கிப் போச்சு. ஃபிரான்டினஸ்னு ஒரு தண்ணி அதிகாரி, கி.பி. 97ல பதவிக்கு வந்தவரு, எழுதி வச்சிருக்காரு: குழாயில திருட்டு ஓட்டை போடுறாங்க, நம்ம ஆளுங்களே உடந்தைன்னு. சிரிக்காதீங்க, முன்வரிசையில பெரியவங்க இருக்காங்க.

தண்ணி வீணாகுதேன்னு கேப்பீங்க. ஓடிட்டே இருந்தா குழாயில தேங்கிக் கெட்டுப்போகாதுன்னு அவங்க சொல்றாங்க. 2017 வறட்சியில சிலதை மூடப் போனப்ப ஜனங்க சண்டைக்கு வந்துட்டாங்க. நமக்கு ஓட வேண்டாம், அமுக்கினா வர்ற குழாய் போதும். தண்ணிப் பந்தல் வச்ச ஊர்தானே இது. இப்ப பஸ் ஸ்டாண்டுல 'குடிநீர்'னு போர்டு இருக்கு, அடியில குழாய் இருக்கு, திருகினா காத்து வருது, எதிர்க்கடையில பாட்டில் 20 ரூபா. கூலி வேலைக்குப் போற அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு பாட்டில் வாங்கினா கணக்குப் போட்டுப் பாருங்க. தாயைப் பழிச்சாலும் தண்ணியப் பழிக்காதேன்னு சொல்லிட்டு அந்தத் தாயையே தவிக்க விடலாமா?

செயலாளர் தம்பி வாட்சைக் காட்டுறாரு, சாப்பாடு பத்திப் பேச நேரமில்ல, பாஸ்தா நல்லாருந்துச்சு, அவ்ளோதான். தலைவர் அம்மாகிட்ட கேக்கிறது இது: பஸ் ஸ்டாண்ட், சந்தை, ஆஸ்பத்திரி வாசல், இந்த மூணு எடத்துல முதல்ல குழாய் வைங்க. தொட்டி கழுவின தேதியை பெயிண்ட்ல எழுதுங்க, தண்ணியை டெஸ்ட் பண்ணின ரிசல்ட்டை பக்கத்துலயே ஒட்டுங்க, இல்லன்னா ஜனங்க நம்பிக் குடிக்க மாட்டாங்க. மனு தயாரா இருக்கு, வாசல் மேசையில நோட்டு, பேனாவை நூல்ல கட்டியே வச்சிருக்கேன். கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போங்க. நன்றி, வணக்கம்.