மாவட்ட நூலகத்திலும் ஆய்விதழ்கள் வேண்டும்

(தேசிய நூலகர் தினத்தையொட்டி வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த அரங்கை ஒழுங்கு செய்துதந்த நல்நூலகர் அவர்களே, புரவலர் பெருமக்களே, வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினர்களே, போட்டித் தேர்வு அறையிலிருந்து புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நகர்மன்றத் தலைவர் அவர்கள் வேறு நிகழ்ச்சி இருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிற்று. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பார்கள் நம் பெரியவர்கள். அரங்கநாதன் வாழ்நாள் முழுக்க இறைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று மூன்று செய்திகள் பேச வந்தேன். ஆய்விதழ்களின் விலை, தமிழ் ஆய்வேடுகளின் நிலை, இந்த நூலகத்துக்கு வரவேண்டிய உரிமை.

விலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பேராசிரியர் அரசுச் சம்பளத்தில், அரசு ஆய்வகத்தில், நம் வரிப்பணத்தில் ஆய்வு செய்து கட்டுரை அனுப்புகிறார். அவருக்குப் பணம் கிடையாது. அதைப் படித்துத் திருத்தம் சொல்லும் இன்னொரு பேராசிரியருக்கும் பெரும்பாலும் கிடையாது. வெளியானதும் பதிப்பகம் பூட்டிவைத்து நமக்கே விற்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் எழுதிய கட்டுரையையே திறக்கப் போனேன், முப்பது டாலருக்கு மேல் கேட்டது. சரி, எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும் என்று எழுதியவர் நினைத்தால், அவரிடமே வசூலிக்கிறார்கள். அப்படி ஒரு கட்டுரைக்கு நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. நம் ஊர்க் கல்லூரி ஆசிரியர் எங்கே போவார்?

இங்கே டெல்லிக் கதையைச் சொல்லியாக வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ராமேஷ்வரி என்று சின்ன ஜெராக்ஸ் கடை. ஆசிரியர்கள் படிக்கச் சொன்ன பக்கங்களைத் தொகுத்து, நகலெடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் கடை. 2012இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் என்ற மூன்று பதிப்பகங்களும் சேர்ந்து, பதிப்புரிமையை மீறியதாக அந்தக் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. கேட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய்! ஜெராக்ஸ் கடைக்காரரிடம்! பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சங்கம் அமைத்துத் தாங்களும் வழக்கில் சேர்ந்தார்கள். ஆசிரியர்களும் சேர்ந்தார்கள். இன்னும் கேளுங்கள், யாருடைய புத்தகத்தை நகலெடுத்தார்கள் என்று வழக்கோ, அந்த நூலாசிரியர்களில் பலரே பதிப்பகங்களை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். தாம் சட்டம் படித்த காலத்தில் மாணவர்கள் முறைவைத்து நூலகத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கையால் எழுதியதைத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார். அன்று கை செய்ததை இன்று இயந்திரம் செய்கிறது, அதனால் குற்றமாகிவிடாது என்பது அவர் பார்வை. மேல்முறையீட்டில் வழக்கை மீண்டும் விசாரிக்கச் சொன்னார்கள். ஆனால் 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. இறைத்த கிணறுதான் ஊறும் ஐயா, அந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருந்தது.

இப்போது ஒன்றிய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று, ஆய்விதழ்களுக்கு நாடு முழுமைக்கும் சேர்த்துத் தானே சந்தா கட்டும் திட்டம் கொண்டுவந்திருக்கிறது. 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். பெரிய முயற்சி, வரவேற்கிறேன். ஆனால் பணம் கட்டி வாங்கியது, கதவு திறந்ததாக ஆகாது. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் என்று உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அது. நோயாளியின் மகள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், இயற்கை விவசாயம் பார்க்கும் பட்டதாரி, இவர்கள் வெளியேதான்.

முனைவர் பட்டத்துக்கு எழுதும் தமிழ் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை, காந்திநகரில் உள்ள பல்கலைக்கழக நூலகங்களின் இணைப்பு மையமான இன்ஃபிலிப்நெட் நடத்தும் சோத்கங்கா இணையத்தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். பழைய ஆய்வேடுகளையும் நம் பல்கலைக்கழகங்கள் ஒன்றுவிடாமல் ஏற்ற வேண்டும்.

அப்புறம், நம் நூலகம். உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரி கட்டுகிறீர்கள். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டம் தந்த ஏற்பாடு அது, அரங்கநாதனின் உழைப்பும் அதில் உண்டு. ஆக இறைப்பதற்கான கயிறும் வாளியும் நம் பணத்தில் வாங்கியவை. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் இரண்டு கணினிகளுக்காவது இந்தச் சந்தாவின் இணைப்பு வேண்டும். உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் எவரும் வந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். கட்டுரை தேடித்தர நூலகருக்குப் பயிற்சியும் வேண்டும்.

ஒன்றிய கல்வி அமைச்சகத்துக்கும் மாநிலப் பொது நூலகத் துறைக்கும் எழுதிய மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அவர்கள் முதல் கையெழுத்திட்டு, அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவும் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் தேநீருக்குப் போகும் முன் பெயரோடு உறுப்பினர் எண்ணையும் எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.