ஆறப் பொறுக்காத கதைகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி இந்த அரங்கைக் கட்டிப்போட்ட அம்மையார் அவர்களே, இந்தக் கருத்தரங்கை அலுக்காமல் நடத்திவரும் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் தொடங்கினால் நான் நன்றி மறந்தவன் ஆவேன். நான் எழுதிய முதல் திரைப்பட விமர்சனத்தைக் கையெழுத்துப் படியிலேயே வாங்கிப் படித்தவர் அவர். ஓரத்தில் பென்சிலால், "கோபம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை" என்று எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. இன்று காய்ச்சலோடு வந்து இந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறார் என்று செயலாளர் சொன்னார். அவருடைய உடல்நலம் விரைவில் தேற வேண்டும் என்று உங்கள் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஏமாற்றம் தந்த படங்களும் தொடர்களும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். மோசமான படத்துக்கும் ஏமாற்றிய படத்துக்கும் என்ன வேறுபாடு என்பது ஒன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்த தொடர்கள் முடிவில் ஏன் சரிந்து விழுகின்றன என்பது இரண்டு. நட்சத்திரக் கணக்கில் மதிப்பெண் போடும் வழக்கம் விமர்சனத்தை என்ன செய்திருக்கிறது என்பது மூன்று.

முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோசமான படம் என்றால் பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும், எழுந்து போய்விடலாம். ஏமாற்றும் படம் நம்மை நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டு, பிறகு கையை விட்டுவிடும். அதனால்தான் அதைப் பற்றி எழுதும்போது நம் பேனா சூடாகிறது.

இரண்டாவதற்கு வருகிறேன். என் பாட்டி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. திரையில் நான் கண்ட ஏமாற்றங்களில் பாதிக்கு இந்த ஒரு வரி காரணம் சொல்லிவிடும்.

என் அக்காவின் கதையைச் சொல்கிறேன். அவர் ஒரு துப்பறியும் தொடரை ஐந்து ஆண்டுகள் விடாமல் பார்த்தார். வெறுமனே பார்க்கவில்லை, மடியில் 200 பக்க நோட்டு ஒன்று இருக்கும். பாத்திரங்களின் பெயர்கள் நீல மையில், சந்தேகங்கள் சிவப்பு மையில். இரண்டாம் சீசனில் ஒரு வீட்டுச் சுவரில் நின்றுபோன கடிகாரம் ஒன்று வந்தது. முள் நான்கு பத்தில் நின்றிருந்தது. அடுத்த சீசனில் அதே கடிகாரம், அதே நான்கு பத்து, வேறொருவர் வீட்டில்! இரவு பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பதறி எடுத்தேன். "தம்பி, கடிகாரம் இடம் மாறியிருக்கிறது, பார்த்தாயா?" என்றார் அக்கா.

கடைசி எபிசோடுக்கு நாங்கள் எல்லோரும் கூடினோம். ஒரு நாளும் அந்தத் தொடரைப் பார்க்காத அத்தான்கூட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பதாவது நிமிடத்தில் கொலையாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். அதுவரை ஒரு காட்சியில்கூட தலைகாட்டாத ஆள். ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அவரே ஒப்புக்கொண்டார். தொடர் முடிந்தது. கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா யாரையும் திட்டவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "நான் எங்கேயாவது ஒரு வாரம் பார்க்காமல் விட்டுவிட்டேனா?"

அன்பர்களே, அந்தக் கேள்வியை என்னால் தாங்க முடியவில்லை. தப்பு தன்னுடையது என்று நினைத்துவிட்டார்! அன்றிரவே உட்கார்ந்து, எழுதியவருக்கு எழுதவே தெரியவில்லை என்று கடுமையாக விமர்சனம் எழுதினேன். அது அச்சில் வந்த சில வாரங்களில் அந்தத் தொடரின் எழுத்தாளரே என்னை அழைத்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. "கடிகாரத்தை மாட்டியது நான்தான் ஐயா. அதற்கு விடையும் வைத்திருந்தேன். எட்டு எபிசோடுகளை மூன்றாக்கு என்றார்கள். பதினொரு நாள் தந்தார்கள்." அந்த விடையை எனக்குச் சொன்னார். நான் அக்காவிடம் சொன்னேன். அவர் நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து, சிவப்புக் கேள்விக்குறிக்குக் கீழே நீல மையில் எழுதிக்கொண்டார். அந்த விமர்சனத்தில் நான் ஆளை மாற்றி அடித்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உலகறிந்த எடுத்துக்காட்டுக்கு வருவோம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் முதல் ஆறு சீசன்களுக்குத் தலா பத்து எபிசோடுகள். ஏழாவதற்கு ஏழு. 2019இல் வந்த எட்டாவதற்கு வெறும் ஆறு. ஒரு பாத்திரம் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர ஒரு சீசன் முழுவதும் எடுத்துக்கொண்ட கதை, கடைசியில் மனமாற்றங்களை ஓரிரு மணி நேரத்திலேயே முடித்தது. இறுதி சீசனை மறுபடியும் எடுக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். இதில் தயாரிப்பு நிறுவனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கூடுதல் எபிசோடுகளுக்கு அது தயாராகவே இருந்தது. தொடரை உருவாக்கியவர்களுக்குத்தான், எட்டு சீசன் ஆக்கப் பொறுத்தவர்களுக்கு, ஆறப் பொறுக்கவில்லை.

திரைப்படத்திலும் இதே கதைதான். 2019 டிசம்பரில் கேட்ஸ் திரைக்கு வந்தது. வந்த சில நாட்களிலேயே கணினி வரைகலையைச் செப்பனிட்ட புதுப் பிரதியைத் திரையரங்குகளுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் நாளே டிக்கெட் வாங்கியவர் இன்னும் முடிவடையாத வேலைக்குப் பணம் கொடுத்திருக்கிறார். 1982இல் வந்த பிளேடு ரன்னர் படத்தில், முன்னோட்டக் காட்சிகளில் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள் என்று, பின்னணிக் குரலையும் மகிழ்ச்சியான முடிவையும் ஒட்டவைத்தார்கள். அவை இரண்டும் நீங்கிய பதிப்பு வர 1992 ஆயிற்று. ஆறுவதற்குப் பத்து ஆண்டுகள்!

முடிவை முதலிலேயே எழுதி வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பிரேக்கிங் பேட் தொடரின் கடைசி சீசன், காரின் பின்பெட்டியில் இயந்திரத் துப்பாக்கியோடு தொடங்கியது. அது எதற்கு என்று எழுதியவர்களுக்கே அப்போது தெரியாது. ஆனால் அந்த சீசனை 2012, 2013 என்று இரண்டாகப் பிரித்து வெளியிட்டார்கள். உட்கார்ந்து யோசிக்க நேரம் இருந்தது, துப்பாக்கிக்கும் வேலை கிடைத்தது.

இதற்காகத்தான் சில காலமாகப் பேசும் இடமெல்லாம் ஒன்றையே கேட்டு வருகிறேன். எழுத்தாளருக்கு எத்தனை வாரம் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இது நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். 2023இல் அமெரிக்காவில் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடர்களுக்கான எழுத்துக் குழுவில் குறைந்தது எத்தனை பேர், குறைந்தது எத்தனை வாரம் என்பதை ஒப்பந்தத்தில் வாங்கிவிட்டுத்தான் மேசைக்குத் திரும்பினார்கள். விமர்சகர்களாகிய நாமும் கதை சரியில்லை என்று எழுதும் அதே பத்தியில், எழுத எத்தனை நாள் தந்தீர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பார்த்து முடித்த அரை மணி நேரத்தில் தீர்ப்பு எழுதி அனுப்பும் நமக்கும் என் பாட்டியின் பழமொழி பொருந்தும். ஓர் இரவாவது ஆறவிட்டு எழுதுங்கள்.

செயலாளர் இரண்டாம் மணியும் அடித்துவிட்டார். நட்சத்திர மதிப்பெண் பற்றிப் பேச நேரமில்லை, பொறுத்தருளுங்கள். எனக்குப் பின் பேசவிருக்கும் படத்தொகுப்பாளர் அவர்கள் வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார், அவருடைய நேரத்தில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. எழுத்தாளர்களுக்கு நேரம் கேட்டு, தயாரிப்பு நிறுவனங்களுக்கும் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கும் அனுப்பப்போகும் விண்ணப்பம் வாசல் அருகே மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து என் அக்காவுடையது, சிவப்பு மையில். பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன். வணக்கம்.