இடுப்பெலும்பு மாடல்: பிரிண்டரை ஆன் பண்றதுக்கு முன்னாடியே கெட்டுப்போற இடங்கள்

எல்லாருக்கும் வணக்கம். வேலூர்ல இருந்து பேசுறேன். என் கையில இருக்கிறத பாருங்க. இடது பக்க இடுப்பெலும்பு, அசல் சைஸ், த்ரீடி பிரிண்டர்ல பிஎல்ஏ பிளாஸ்டிக்ல அச்சடிச்சது. உடைஞ்ச எலும்பைச் சேர்த்துப் பிடிக்கிற உலோக பிளேட்ட, ஆபரேஷனுக்கு முன்னாடியே இது மேல வெச்சு வளைக்கத்தான் இந்த மாடல். கேமராவுக்குக் கிட்ட கொண்டு வர்றேன். இந்தக் கிண்ணம் மாதிரி குழி தெரியுதா? தொடையெலும்போட பந்து இதுக்குள்ளதான் உக்காரும். குழியோட பின்சுவர்ல ஒரு துண்டு பிரிஞ்சு நிக்குது பாருங்க. சென்னை-பெங்களூர் ஹைவேல கார் மோதி, முட்டி போய் டேஷ்போர்டுல இடிச்சா, அந்த அடி தொடையெலும்பு வழியா ஏறி இந்தச் சுவரைத்தான் உடைக்கும்.

எலும்பு மருத்துவத்துல மேற்படிப்பு (ஆர்த்தோ பிஜி) படிக்கிறவங்க, பயோமெடிக்கல் பசங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த பிரிண்டர் வாங்கலாம்னுதான். இந்த மாதிரி மாடலுக்கு பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்கா வைக்கிற சாதாரண எஃப்டிஎம் பிரிண்டரே தாராளம். தப்பு பெரும்பாலும் சிடி ஸ்கேன்லயே ஆரம்பிச்சிடும்.

பேஷன்ட் கையில குடுக்கிற டிஸ்க்ல பல நேரம் 5 மி.மீ. தடிமன் ஸ்லைஸ்தான் (ஒடம்ப குறுக்கா வெட்டிப் பார்க்கிற மாதிரி படம்) இருக்கும். சில நேரம் வெறும் ஜேபெக் படம். அத வெச்சு மாடல் போட்டா எலும்பு படிக்கட்டு மாதிரி வரும், விரிசல் காணாமப் போயிடும். ஸ்கேன் எழுதும்போதே "1 மி.மீ. அல்லது அதுக்கும் கம்மி, டைகாம் ஃபைலா வேணும்"னு எழுதிடுங்க. டைகாம்னா ஸ்கேன் மெஷினோட அசல் ஃபைல் வடிவம். கெர்னல்னா ஸ்கேன் டேட்டாவ படமா மாத்துற ஃபில்டர். எலும்புக்கான போன் (bone) கெர்னல் படம் ஸ்க்ரீன்ல பளிச்சுனு இருக்கும், ஆனா புள்ளி புள்ளியா இரைச்சல் ஜாஸ்தி. எலும்பைப் பிரிக்கிறதுக்கு சாஃப்ட் கெர்னல்தான் சுலபம்.

அடுத்து செக்மென்டேஷன், அதாவது ஸ்கேன் படத்துல இருந்து எலும்பை மட்டும் பிரிச்சு எடுக்கிறது. த்ரீடி ஸ்லைசர் இலவச சாஃப்ட்வேர், அதுவே போதும். எவ்வளவு அடர்த்திக்கு மேல இருந்தா எலும்புனு எடுத்துக்கணும்ங்கிற எல்லைதான் த்ரெஷோல்ட். அத 200-ல இருந்து 250 ஹவுன்ஸ்ஃபீல்டுக்குள்ள (சிடில அடர்த்தியோட அளவு) ஆரம்பிங்க. வயசானவங்க எலும்பு சத்து கொறஞ்சிருந்தா, இடுப்போட இறக்கை மாதிரி இருக்கிற இந்த மெல்லிசான எடத்துல ஓட்டை விழும். பார்த்துட்டு எலும்பே இல்லனு நெனச்சுடாதீங்க, த்ரெஷோல்ட எறக்குங்க. ரொம்ப எறக்கினா தசையும் ஒட்டிக்கிட்டு வரும்.

உண்மையான வேலை இங்கதான் இருக்கு. தொடையெலும்பு பந்துக்கும் குழிக்கும் நடுவுல இடைவெளி சில மி.மீ.தான். சாஃப்ட்வேர் ரெண்டையும் ஒரே கட்டியா ஒட்டிடும். ஒவ்வொரு ஸ்லைஸா போய் கையால வெட்டிப் பிரிக்கணும். அவசரப்பட்டு ஒரே வெட்டா வெட்டினா குழியோட விளிம்பும் சேந்து போயிடும், அப்புறம் அந்த மாடல்ல பிளேட் வளைக்கிறதுல அர்த்தமே இல்ல. மேற்பரப்ப வழவழப்பாக்குற ஸ்மூத்திங்கும் அப்படித்தான். பார்க்க அழகா இருக்கேனு ஏத்திக்கிட்டே போனா எலும்பு சுருங்கும், விரிசல் மூடிக்கும். கரடுமுரடா இருந்தா இருக்கட்டும், விரிசல்தான் நமக்கு வேணும்.

பிரிண்டுக்கு அனுப்புற மாடல் ஃபைல்தான் எஸ்டிஎல். அதுல அளவோட யூனிட் கிடையாது. மி.மீ.யா இன்ச்சானு சாஃப்ட்வேர் தப்பா எடுத்துக்கிட்டா 25.4 மடங்கு மாறிடும், அது கண்ணுக்கே தெரிஞ்சுடும். ஆபத்தானது 2, 3 சதவீதம் மாறுறதுதான். அதுக்குதான் இந்த வெர்னியர் அளவுகோல். ரெண்டு அடையாளத்துக்கு நடுவுல ஸ்க்ரீன்ல அளந்துக்கோங்க, பிரிண்ட் ஆனதும் அதே எடத்த வெர்னியர்ல அளங்க. 1 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வந்தா அந்த மாடல ஓரமா வெச்சுடுங்க.

பிரிண்ட் செட்டிங் சொல்லிடறேன். லேயர் 0.2 மி.மீ., வெளிச்சுவர் 3 சுத்து, இன்ஃபில் (உள்ள நிரப்புறது) 15 சதவீதம், நாசில் (பிளாஸ்டிக் வெளிய வர்ற முனை) 205 டிகிரி, பெட் (அச்சடிக்கிற தட்டு) 60 டிகிரி. 220 மி.மீ. பெட்ல முழு இடுப்பு உக்காராது, பாதிதான். குழியோட வாய் மேல பாக்கிற மாதிரி சாய்ச்சு வைங்க. கீழ பாத்தா உள்ள சப்போர்ட் (தொங்குற எடத்த தாங்க பிரிண்டர் போடுற தற்காலிக முட்டு) வளர்ந்து, பிச்சதுக்கு அப்புறம் தழும்பா நிக்கும். ஒரு பாதிக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஓடும், அதனால யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போய் வந்து விட்ட எடத்துல இருந்து தொடர்ந்தா, அந்த லேயர்ல கோடு விழும். ஃபிலமென்ட் (பிளாஸ்டிக் இழை) ஈரம் குடிச்சிருந்தா நாசில்ல படபடனு சத்தம் வரும், நூல் நூலா தொங்கும். 45 டிகிரில 5, 6 மணி நேரம் காய வெச்சுட்டு போடுங்க.

இப்ப பிளேட். ஆம்பூர்ல ஷூ தைக்கிறவங்க தோல லாஸ்ட் (கால் வடிவ அச்சு) மேல இழுத்து வடிவம் எடுக்குறாங்க இல்ல, அதே வேலைதான் இது. சுவர் நொறுங்கிப் போயிருந்தா உடைஞ்ச பக்க மாடல்ல வளைக்க முடியாது. நல்ல பக்கத்த கண்ணாடி பிம்பமா திருப்பி அச்சடிச்சு, அதுல 3.5 மி.மீ. ரீகன்ஸ்ட்ரக்ஷன் பிளேட்ட வளைக்கணும். இங்கதான் இடது வலது கொழம்பும். அதனால டிசைன்லயே எழுத்து பொறிச்சுடுங்க: எந்தப் பக்கம், திருப்பினதா இல்லையா, பேஷன்ட் நம்பர், தேதி. மார்க்கர்ல எழுதினா அழிஞ்சுடும்.

வளைக்கும்போது முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி வளைக்காதீங்க, மெட்டல் களைச்சுப் போய் உள்ள ஒடம்புல இருக்கும்போது உடையும். பின்சுவர் பிளேட்ட மாடலோட அச்சா பொருத்திட்டு, கடைசியா ஒரு துளி வளைவ கொறைச்சு விடுங்க. ஸ்க்ரூ முடுக்கும்போது அது சுவர அழுத்திப் பிடிக்கும். மாடல் சரியா இருக்குனு அச்சு அசலா விட்டா அந்த அழுத்தம் கிடைக்காது.

வளைச்ச பிளேட்ட கழுவி ஆட்டோகிளேவ் (சூடான நீராவில கிருமி நீக்குறது) பண்ணலாம். மாடல பண்ணக்கூடாது. பிஎல்ஏ 60 டிகிரிக்குப் பக்கத்துலயே இளக ஆரம்பிக்கும், ஆட்டோகிளேவ் 121 டிகிரி. நம்ம ஊர் மே மாச வெயில்ல, பூட்டின கார்ல வெச்சாலே இது கோணிப் போகும். ஆபரேஷன் தியேட்டர்ல பார்க்கணும்னா ஸ்டெரைல் கவருக்குள்ள போட்டு ஓரமா வைங்க. ஒடம்புக்குள்ள எலும்பு மேலயே உக்காரணும்னா அது கட்டிங் கைடு, அதாவது எலும்பை எங்க வெட்டணும்னு வழிகாட்டுற அச்சு. அதுக்கு சர்ஜிக்கல் கைடு ரெசின் இல்லனா மெடிக்கல் தர நைலான் வேணும், வீட்ல போடுற சாதாரண ஃபிலமென்ட் ரீல் ஆகாது.

ஒரு விஷயம் மாடல் காட்டவே காட்டாது. இங்க, பின்சுவருக்குப் பக்கத்துலயே காலுக்குப் போற பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு போகுது. கையில இருக்கிற வெறும் எலும்புல பிளேட் எங்க வேணா உக்காரும். வெட்டுற எடத்து வழியா, நரம்ப இழுக்காம அங்க போய்ச் சேர முடியுமானு சர்ஜன் பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம்தான் பிளேட்டோட நீளத்த முடிவு பண்ணணும்.