தூக்க வேண்டாம், குவித்தால் போதும்

[காட்சி: மழைக்காடு, பாறைக் கரை, மரக்கிளையில் தொங்கும் மிதவைகள்]

கனடாவின் வான்கூவர் தீவு. அதன் மேற்குக் கரையோரம் 75 கிலோமீட்டர் நீளும் நடைபாதைக்குப் பெயர் வெஸ்ட் கோஸ்ட் டிரெயில். 1906இல் வலென்சியா என்ற கப்பல் இங்கே பாறையில் மோதி நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன்பிறகு, கரையேறுபவர்கள் உயிர் பிழைக்கச் சீரமைத்த பாதை இது. பெரும்பகுதிக்குச் சாலை கிடையாது. குப்பை வண்டி எங்கிருந்து வரும்?

பிளாஸ்டிக் மட்டும் தவறாமல் வருகிறது. மீன்பிடிக் கயிறு, மிதவை, தெர்மாகோல். 2021 அக்டோபரில் ஜிம் கிங்ஸ்டன் என்ற கப்பலிலிருந்து 109 கன்டெய்னர்கள் கடலில் விழுந்தன. தீவின் வடகோடிக் கரைகளில் ஃபிரிட்ஜ்கூட ஒதுங்கியது!

[காட்சி: ஏணியில் ஏறும் நடைப்பயணிகள்]

சரி, கோடையில் இங்கே வந்துபோகும் நடைப்பயணிகளிடம் என்ன உதவி கேட்கலாம்? "கண்டதை எடுத்துப்போங்கள்" என்றால் நடக்காது. ஒரு வாரச் சாப்பாடும் கூடாரமும் ஏற்கெனவே முதுகில் இருக்கின்றன. அதோடு ஏணி ஏற வேண்டும். ஈரக் கயிற்றை யார் சுமப்பார்கள்? குவித்து வைக்கச் சொல்வதுதான் நியாயம்.

முதலில் தெர்மாகோல். இன்று ஒரே கட்டியாக இரண்டு கையில் அடங்கும். ஒரு குளிர்காலம் அலையிலும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் மரக்கட்டைகளிலும் உரசினால் மணிமணியாக உதிர்ந்துவிடும். அப்புறம் யாராலும் பொறுக்க முடியாது. கட்டைகளுக்கு அடியில் சிக்கிய கயிற்றை இழுக்காதீர்கள், கட்டை உருளும். மூடிய டிரம்மையும் தொடாதீர்கள்.

[காட்சி: மிதவைகள், நெருக்கத்தில்]

மரத்தில் தொங்கும் மிதவைகளும் கடல் கொண்டுவந்தவைதான். ஆனால் பாதை கடற்கரையை விட்டுக் காட்டுக்குள் ஏறும் இடத்துக்கு அவைதான் அடையாளம். சுத்தம் செய்கிறேன் என்று கழற்றினால், பின்னால் வருபவர் வழி தவறுவார்.

எங்கே குவிப்பது? இது ஹூ-ஏ-ஆட், டிடிடாட், பச்சீடாட் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பழைய குடியிருப்பு இடங்கள் உண்டு, அவர்களிடம் கேட்டே இடம் குறிக்க வேண்டும். புயல் அலை எட்டாத உயரமாகவும் இருக்க வேண்டும்.

மீதி வேலை, சுத்தம் செய்யும் ஏற்பாட்டாளர்களுடையது. அலை மோதும் இந்தக் கரையில் படகு ஒதுங்குவது கடினம். பெரிய சாக்குகளை ஹெலிகாப்டரில் கட்டித்தான் தூக்க வேண்டியிருக்கும். செப்டம்பர் முடிவில் பாதையை மூடிவிடுவார்கள், புயல்களும் தொடங்கிவிடும். எந்தக் கரையில் எத்தனை குவியல் என்று நடைப்பயணிகள் பாதை முடிவில் சொல்லிவிட்டுப் போனால், அதற்குள் அள்ளிவிடலாம்.